பிடிக்குது... விடமாட்டேங்குது!

என் மாமனாரிடம் 1991 மாடல் அம்பாஸடர் ஒன்று இருக்கிறது. பி.காம். படித்த கொழுப்பில் ஒரு நாள் வருஷா வருஷம் தேய்மானம் கழித்து அதன் மதிப்பைப் போட்டுப் பார்த்தேன். டாங்க்கில் இருந்த பெட்ரோலின் விலைதான் மிஞ்சியது. அவரிடம் சொல்லவில்லை. பெண்ணைக் கொடுத்தவர்!

அம்பாஸடர் தயாரிப்பை 2014-லேயே நிறுத்திவிட்டார்கள். அதைச் சொன்னால், "கம்பெனிதானே நின்னுது? வண்டி ஓடுதில்ல?" என்பார்.

போன மாதம் குடும்பத்தோடு ஏற்காடு போவதாகத் திட்டம். மாமா, அத்தை, என் மனைவி, மூன்று வயது மகள்... டிரைவர் அடியேன். ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகள். எதற்கும் ஒரு வெள்ளோட்டம் பார்ப்போம் என்று முந்தின ஞாயிறு தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை போனோம்.

ஸ்டியரிங்கைச் சற்றே தளர விட்டால் வண்டி இடது பக்கமே போனது. டீக்கடையில் நிறுத்தியதும் ஒரு கருகல் வாசனை. பஜ்ஜி என்று நினைத்தேன். கடையில் பஜ்ஜியே இல்லை. இறங்கி ஒவ்வொரு சக்கரத்துக்குப் பக்கத்திலும் புறங்கையைக் கொண்டுபோனேன். மூன்று சமர்த்து. முன் இடது மட்டும் தோசைக்கல்!

"பிரேக் நல்லாத்தானே பிடிக்குது மாப்ளே?"

"பிடிக்குது மாமா. விடமாட்டேங்குது."

எங்கள் தெருமுனை மெக்கானிக் அண்ணன் அதிகம் பேசமாட்டார். ஜாக்கி போட்டுத் தூக்கி, அடியில் ஸ்டாண்ட் வைத்தார். (செங்கல் அடுக்கிவிட்டுக் கீழே படுப்பவர்கள் முதலில் எல்.ஐ.சி. பிரீமியம் கட்டிவிடவும்.) என்னை பிரேக்கை மிதித்து விடச் சொன்னார். சக்கரம் இறுகி நின்றது. ரப்பர் ஹோஸுக்கு மேலே, இரும்பு பைப் வந்து சேரும் நட்டை லேசாகத் தளர்த்தினார். ஆயில் கசிந்தது, சக்கரம் அசையவில்லை. அங்கே விட்டிருந்தால் கோளாறு மாஸ்டர் சிலிண்டர் பக்கமாம். அடுத்து சக்கரத்தின் பின்னால் இருக்கிற ப்ளீடர் நிப்பிளைத் திறந்தார். புஸ்ஸென்று ஆயில் பீய்ச்ச, சக்கரம் சுற்றியது!

"ரெண்டுக்கும் நடுவுல என்ன இருக்கு?"

பரீட்சை ஹாலில் நிற்பது போல இருந்தது. "ஹோஸ்" என்றேன். பாஸ்.

பிரேக் ஆயில் வண்டி நெடுக இரும்பு பைப்பில்தான் ஓடுகிறது. ஆனால் சக்கரம் மேலும் கீழும் ஆடும், திரும்பும். இரும்பு வளையாது. அதனால் கடைசிக் கொஞ்ச தூரத்துக்கு ரப்பர் ஹோஸ். அம்பாஸடரில் முன்னால் இரண்டு, பின் ஆக்ஸிலுக்கு ஒன்று. உள்ளே ரப்பர் குழாய், அதன்மேல் நூல் பின்னல், அதற்கும் மேலே இன்னொரு ரப்பர்.

வெளி ரப்பரில் வெடிப்பு, ஈரம், பெடலை மிதித்தால் பலூன் மாதிரி புடைப்பு... இதெல்லாம் டார்ச் அடித்தால் தெரிந்துவிடும். வில்லங்கம் உள்ளே. வயதானால் உள் ரப்பர் ஊதி, ஓட்டை சுருங்கிவிடும். மிதிக்கும்போது நம் கால் பலத்தில் ஆயில் எப்படியோ உள்ளே போய்விடும். திரும்பி வர, பிரேக் ஷூவை இழுக்கிற ஸ்பிரிங்கின் பலம் மட்டும்தான். அது போதாது. மச்சானுக்குக் கொடுத்த கைமாற்று மாதிரி! (இந்த உதாரணத்தையும் மாமாவிடம் சொல்லவில்லை. மச்சான் அவர் பிள்ளை.)

விடாத பிரேக்கோடு மலை இறங்கினால் சூடு ஏறிக்கொண்டே போகும். டாட் 3 பிரேக் ஆயில் புதுசாக இருந்தால் 205 டிகிரியாவது தாங்கும். பழசாகி ஈரத்தை உறிஞ்சியிருந்தால் 140 டிகிரி சுமாருக்கே கொதிக்க ஆரம்பிக்கலாம். கொதித்தால் உள்ளே ஆவி. அப்புறம் பெடலை மிதித்தால் கால் தரைக்குப் போகும், வண்டி நிற்காது. இருபது வளைவுகளையும் பின்சீட்டில் என் மகளையும் நினைத்துக்கொண்டேன். டீ இறங்கவில்லை.

மாமாவுக்கு நம்பிக்கை வரவில்லை. "வெளியில பாருய்யா, எவ்வளவு சுத்தமா இருக்கு!"

"கடைசியா எப்ப மாத்துனீங்க?"

"எதுக்கு மாத்தணும்? வண்டியோட வந்தது!" என்றார் பெருமையாக.

அண்ணன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்.

புதுப்பேட்டையில் கழற்றின ஹோஸ் பாதி விலைக்குக் கிடைக்குமே என்பது மாமாவின் அடுத்த யோசனை. "கதவு வாங்குங்க, கண்ணாடி வாங்குங்க. இது மட்டும் வேணாம்" என்றுவிட்டார் அண்ணன். ஜி.பி. ரோடுக்குப் போய் மூன்றும் புதுசாக வாங்கினேன். ஒன்று போயிருந்தால் மற்ற இரண்டுக்கும் அதே வயதுதானே. புதுசிலும் பல வருஷம் கடையில் தூங்கினதைத் தள்ளிவிட வேண்டும். ரப்பருக்கு ஷெல்பிலும் வயதாகும்.

மாட்டுவதில் இரண்டு நுணுக்கம். நட்டைத் திருப்பும்போது ஹோஸை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ளாவிட்டால் இரும்பு பைப் முறுக்கிக்கொண்டு, செலவு இரட்டிப்பு. மாட்டின ஹோஸ் முறுக்கில்லாமல் நிற்கவேண்டும்; ஸ்டியரிங்கை இரண்டு கோடிக்கும் ஒடித்து, டயரில் உரசாமல் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். சக்கரப் பக்கம் தாமிர வாஷர் கட்டாயம் புதுசு.

பிறகு ஏர் எடுக்கும் படலம். தூரத்துச் சக்கரத்திலிருந்து ஆரம்பம். நான் மிதிக்க, அவர் நிப்பிளைத் திறந்து மூட, அவர் மூடினபிறகுதான் நான் காலை எடுக்கவேண்டும். நடுவில் என் மகள் "அப்பா, வண்டிக்கு ஊசி போடறாங்களா?" என்று கேட்க, நான் திரும்ப, கால் மேலே வர... ஏர் மறுபடி உள்ளே. "முதல்லேர்ந்து சார்" என்றார் அண்ணன். அந்தக் களேபரத்தில் மட்கார்டில் ஆயில் தெறித்துவிட்டது. பிரேக் ஆயில் பெயிண்டைத் தின்றுவிடும். மாமா சொம்புத் தண்ணீரோடு ஓடிவந்த வேகத்தை அத்தையே பார்த்ததில்லையாம்.

எல்லாம் முடிந்ததும் பழைய ஹோஸை பிளேடால் குறுக்கே அறுத்து மாமா கையில் கொடுத்தார் அண்ணன். வெளியே வழவழ. உள்ளே குண்டூசி நுழைகிற அளவுக்கு ஒரு துளை. மாமா அதைக் கண்ணருகே வைத்து வெகுநேரம் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஏற்காடு போய்வந்தோம். இறங்கி அடிவாரத்துக்கு வந்ததும் மாமா வண்டியை ஓரம் கட்டச் சொன்னார். இறங்கி, வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, ஒவ்வொரு சக்கரத்துக்குப் பக்கத்திலும் புறங்கையைக் கொண்டுபோனார்.

"நாலும் ஒரே சூடு, மாப்ளே" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தார்.