வயலை மனையாக்கும் முன் ஆயக்கட்டைப் பாருங்கள்

கன்னியாகுமரி மாவட்டத்து நாஞ்சில் நாட்டில் எங்கே பெரிய மனைப்பிரிவுக்கு மனு போட்டாலும் கூடவே சில வாதங்களும் வருகின்றன. நிலம் தரிசாகக் கிடக்கிறது, சொந்தப் பட்டா, வீடில்லாதவர்களுக்கு வீடு, ஊருக்கு வருமானம், எல்லாம் முறையான அனுமதியோடு. அலுவலகத்தில் கோப்பு புரட்டுகிறவரும் டீக்கடையில் பேசுகிறவரும் இதையே சொல்கிறார்கள். கேட்க நியாயமாக இருப்பதால் பலரும் தலையாட்டிவிடுகிறோம். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் அந்த நியாயம் நிற்கவில்லை.

தரிசில் தொடங்குவோம். பேச்சிப்பாறை அணை 1906-இல் கட்டி முடிக்கப்பட்டது. பின்னால் பெருஞ்சாணி அணையும் சேர்ந்தது. அந்தத் தண்ணீர் தோவாளை சானல், அனந்தனாறு, நாஞ்சில் புத்தனாறு வழியே வந்து குளங்களை நிறைக்கும். ஒரு குளத்து நீர் பாயும் வயல்பரப்புதான் அதன் ஆயக்கட்டு. ஒரு குளத்தின் மறுகால் அடுத்த குளத்துக்குப் போகும். கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு போக நெல்லும் இப்படித்தான் விளைந்தன. இந்தத் தொடரில் மேலே உள்ள ஒரு வயலில் மண்ணடித்து உயர்த்தினால், கீழே இருப்பவருக்குத் தண்ணீர் வராது, வந்தாலும் வடியாது. இரண்டு பூ தவறினால் அவர் தரிசு போடுவார். அடுத்த வருடம் அவர் வீட்டு வாசலில் புரோக்கர் நிற்பார். தரிசைக் காட்டித்தான் மனைப்பிரிவு கேட்கிறார்கள். அந்தத் தரிசில் ஒரு பகுதி முந்தைய மனைப்பிரிவு உண்டாக்கியது.

மீதிக்கு வேறு காரணங்கள் உண்டு. நடவுக்கு ஆள் கிடைப்பதில்லை, நெல் விலை கட்டுபடியாகவில்லை, பிள்ளைகள் வெளிநாட்டில். விற்கிற விவசாயியைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அதற்கு மருந்து மனைப்பிரிவு இல்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளம் 2008-இலேயே நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் போட்டது. 2020 முதல் வயலை வயலாகவே வைத்திருப்பவருக்கு ஹெக்டேருக்கு 2,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியது. தொகை சிறியதுதான். ஆனாலும் வயலைக் காப்பவர் ஊருக்கே ஒரு வேலை செய்கிறார் என்பதை ஓர் அரசு கணக்கில் எழுதியிருக்கிறது. களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் அந்தக் கணக்கே இல்லை.

அந்த வேலை என்ன என்று கேட்பவர்களுக்கு ஓர் எளிய கணக்கு. ஒரு ஏக்கர் வயல், வரப்பு உயரத்தில் அரை அடி தண்ணீர் நின்றால், ஏறக்குறைய ஆறு லட்சம் லிட்டர். பத்து ஏக்கருக்கு அறுபது லட்சம். மண்ணடித்த பிறகு அவ்வளவு நீரும் ஒரு மழையில் தெருவுக்கு வந்தாக வேண்டும். ‘வடிகால் கட்டிக் கொடுக்கிறோம்’ என்று திட்ட வரைபடத்தில் கோடு போடுகிறார்கள். வடிகால் நீரை வேகமாகக் கடத்தும், அவ்வளவுதான். தேக்கி வைத்துப் பூமிக்குள் இறக்குவது வயலின் வேலை. 2021 நவம்பர் வெள்ளத்தில் இந்த மாவட்டம் பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க முடியாது. முன்னோர்கள் மேட்டு விளைகளில் வீடு கட்டி, தாழ்ந்த இடத்தைத் தண்ணீருக்கு விட்டார்கள். நாம் தண்ணீரின் இடத்தில் வீடு கட்டிவிட்டு, வெள்ளம் புகுந்தது என்கிறோம்.

வீடில்லாதவர்களுக்கு வீடு என்ற வாதம்தான் மனசைத் தொடுவது. 2012-இல் மத்திய அரசின் நிபுணர் குழு இந்திய நகரங்களில் 1.88 கோடி வீடுகள் பற்றாக்குறை என்றது. அதில் சுமார் 96 சதவீதம் ஏழைகளும் குறைந்த வருமானக்காரர்களும். அதற்கு முந்தைய ஆண்டுக் கணக்கெடுப்பிலோ நகரங்களில் 1.1 கோடி வீடுகள் பூட்டிக் கிடந்தன. நம் ஊரிலும் லட்சங்களில் சென்ட் விலை சொல்லும் மனையை வாங்குகிறவர் வாடகை வீட்டுக் கூலித் தொழிலாளி அல்ல. 2001 முதல் 2011 வரை மாவட்ட மக்கள்தொகை 11.6 சதவீதம்தான் கூடியது. 2011 கணக்கிலேயே சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர் வாழ்ந்த மாவட்டம் இது. நிலம் இங்கே மிச்சமில்லை. ஏழைக்கு வீடு வேண்டும். அதை மேட்டு விளையில், ஊருக்குள், அரசு கட்டித் தரட்டும்.

வருமானம் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. கட்டணம் ஒருமுறை வரும். தானமாக எழுதிக் கொடுக்கும் சாலை, தெருவிளக்கு, குடிநீர், குப்பை, சாக்கடை எல்லாம் உள்ளாட்சியின் தலையில் காலத்துக்கும் நிற்கும்.

இனி அனுமதி. இதுதான் மற்ற வாதங்களுக்கெல்லாம் முட்டுக்கொடுப்பது. திட்டப் பகுதிக்கு வெளியே விளைநிலத்தை மாற்ற நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 47-அ பிரிவு இருக்கிறது. நன்செய் என்றால் ஆட்சியரின் இசைவு வேண்டும், வேளாண் துறையின் கருத்தும் கேட்கப்படுகிறது. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப்பதிவைத் தடுத்தது. மறு வருடமே, 2016 அக்டோபர் 20 வரை பதிவானவற்றை வரன்முறைப்படுத்த விதி வந்தது. நிரப்பிய வயல் நிரப்பியதாகவே சட்டபூர்வமாயிற்று.

இருக்கும் விதிகளும் அளவை வைத்தே பேசுகின்றன. 3,000 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 74 சென்டுக்குள் என்றால் பொதுத் திறந்தவெளி விட வேண்டாம். 20,000 சதுர மீட்டர் கட்டுமானமோ 50 ஹெக்டேர் நகரியமோ ஆனால்தான் சுற்றுச்சூழல் அனுமதி. வெறும் மனையாகப் போட்டால் கட்டுமானம் என்று எதுவும் இல்லை. ஒரே குளத்தின் ஆயக்கட்டில் பத்துப் பேர் பத்து மனைப்பிரிவு போட்டால் பத்துக் கோப்புகளும் தனித்தனியே சுத்தமானவை. பத்தும் சேர்ந்து அந்தக் குளத்துக்கு என்ன செய்யும் என்று கேட்க ஒரு கோப்பும் இல்லை. அதிகாரிகள் சர்வே எண்ணை எடை போடுகிறார்கள். தண்ணீர் சர்வே எண் பார்த்து ஓடுவதில்லை.

‘ராம்சார் எல்லைக்கு வெளியேதானே’ என்ற பதிலும் இதே வகை. சுசீந்திரம்–தேரூர் 94.23 ஹெக்டேர், வேம்பனூர் 19.75 ஹெக்டேர், இரண்டும் 2022-இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. அந்தக் குளங்களுக்கு நீர் வருவது எல்லைக்கு வெளியே இருந்துதான். 2017 ஈரநில விதிகள் எல்லையோடு நிற்காமல், அதன் தாக்கப் பகுதியையும் வரையறுக்கச் சொல்கின்றன. சென்னையில், இன்னொரு ராம்சார் ஈரநிலமான பள்ளிக்கரணையில், அனுமதி கையில் இருந்த அடுக்குமாடித் திட்டம் ஒன்றுக்கு 2025 அக்டோபர் இறுதியில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அனுமதித் தாள் இருப்பதால் கேள்வி முடிந்துவிடுவதில்லை.

சொந்தப் பட்டா என்பது உண்மை. பட்டா நிலத்துக்குத்தான், அதன் வழியே கீழ்மடைக்குப் போகும் தண்ணீருக்கு அல்ல.

ஆகவே மாவட்ட நிர்வாகத்திடம் கேட்பது இது: ஒவ்வொரு குளத்துக்கும் ஆயக்கட்டு வரைபடம் வையுங்கள். இதுவரை எவ்வளவு நிரம்பியது என்று அதில் குறியுங்கள். அதைப் பார்க்காமல் எந்த மனைப்பிரிவுக்கும் இசைவு தராதீர்கள். ஊராட்சிகளில் நவம்பர் 1 கிராம சபை நாள். இந்த மாவட்டம் 1956-இல் தமிழ்நாட்டோடு சேர்ந்த நாளும் அதுதான். பேரூராட்சிகளில் பகுதி சபை இருக்கிறது. உங்கள் ஊரில் மனைப்பிரிவு கோப்பு வந்திருந்தால் அங்கே எழுந்து, அது எந்தக் குளத்தின் ஆயக்கட்டு, அதற்குக் கீழே எத்தனை ஏக்கர் பாய்கிறது என்று கேளுங்கள்; பதிலைத் தீர்மானத்தில் எழுத வையுங்கள்.