புக்மார்க் பட்டை: தேடிச் செல்வதா, அறிந்து செல்வதா?



வங்கிக் கணக்கு, பாஸ்போர்ட், ஹஜ் விண்ணப்பம், பிள்ளைகளின் கல்வி உதவித்தொகை, மின்கட்டணம் என நம் இல்லங்களின் முக்கிய அலுவல்கள் பலவும் இன்று கணினித் திரையின் வழியாகவே நடைபெறுகின்றன. ஆயினும் அந்தத் தளங்களுக்கு நாம் எவ்வாறு சென்று சேர்கிறோம் என்பதைச் சிந்திப்பவர் சிலரே. பெரும்பாலோர் கூகுளில் பெயரைத் தட்டச்சு செய்து, வரும் பட்டியலில் முதலில் நிற்பதைச் சொடுக்கிவிடுகிறார்கள். இந்தப் பழக்கத்தைக் கைவிட வேண்டும் என்பதும், அதற்கான எளிய வழி நம் கணினியிலேயே பயன்படுத்தப்படாமல் கிடக்கிறது என்பதுமே இக்கட்டுரையின் கருத்து.

அந்த வழிதான் புக்மார்க் பட்டை. பிரவுசர் எனப்படும் உலாவியில், முகவரி எழுதும் பெட்டிக்குக் கீழே அமையும் ஒற்றை வரி அது. நாம் குறித்து வைத்த தளங்கள் அதில் வரிசையாக நிற்கும். ஒருமுறை சொடுக்கினால் போதும், தளம் திறந்துவிடும். இது புதிய வசதியன்று. 1993இல் வெளிவந்த மொசைக் உலாவியிலேயே விருப்பமான தளங்களைக் குறித்து வைக்கும் பட்டியல் இருந்தது. பின்னர் நெட்ஸ்கேப் அதனைப் புக்மார்க் என்றழைத்தது. குர்ஆன் பிரதிகளில் ஓதி நிறுத்திய இடத்தைக் காட்ட ஒரு நாடா தைக்கப்பட்டிருக்கும் அல்லவா? அதன் பணியையே இதுவும் செய்கிறது.

தேடிச் செல்வதில் என்ன தீங்கு என்று கேட்கலாம். தேடல் முடிவுகளில் மேலே நிற்பவை பல நேரங்களில் விளம்பரங்களே. விளம்பரம் என்ற குறிப்பு சிறிய எழுத்தில் இருப்பதால் அவசரத்தில் அது கண்ணில் படுவதில்லை. மோசடியாளர்களும் பணம் கொடுத்து அந்த இடத்தைப் பெற முயல்கிறார்கள். பாஸ்போர்ட் விண்ணப்பிப்போரிடம் தகவல்களையும் கூடுதல் கட்டணத்தையும் பறிக்கும் போலித் தளங்கள் குறித்து இந்திய வெளியுறவு அமைச்சகமே பொதுமக்களை எச்சரித்துள்ளது. பல ஆண்டுகள் சேமித்த பணத்தோடு ஹஜ்ஜுக்கு விண்ணப்பிக்கும் முதியவர் ஒருவர் இத்தகைய தளத்தில் போய் நின்றால் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பாருங்கள். குடும்பத்தின் பணமும் ஆவணங்களும் நம்மிடம் உள்ள அமானிதம். அவற்றை எந்த வாசலில் கொடுக்கிறோம் என்று அறிந்து கொடுப்பது நம் கடமை.

ஒருமுறை சரிபார்த்துக் குறித்து வைத்த முகவரியில் இந்த ஆபத்து பெருமளவு நீங்கிவிடுகிறது. ஆனால் முதல்முறை குறிக்கும்போது மிகுந்த கவனம் தேவை. வங்கியின் முகவரியை பாஸ்புக்கிலிருந்தோ, வங்கிக் கிளையில் நேரில் கேட்டோ பெறுங்கள். முகவரியில் முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால் உள்ள முடிவைப் பாருங்கள். இந்திய அரசுத் தளங்கள் பெரும்பாலும் 'கவ் டாட் இன்' அல்லது 'நிக் டாட் இன்' என்று முடியும். 'கவ்' என்ற சொல் நடுவில் மட்டும் வந்து, முடிவு 'டாட் காம்' என்றிருந்தால் அது அரசுத் தளமன்று. பூட்டுச் சின்னம் இருப்பதை மட்டும் நம்பிவிட வேண்டாம். போலித் தளங்களும் அச்சின்னத்தைப் பெற்றுவிட முடியும்.

வங்கிகளைப் பொறுத்தவரை மற்றொரு செய்தியும் உண்டு. 'பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு 2025 அக்டோபர் 31ஆம் தேதிக்குள் மாறிவிடுமாறு ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. ஆகவே முன்பே குறித்து வைத்திருப்பவர்கள் அந்தப் பழைய குறியை ஒருமுறை சரிபார்த்துப் புதுப்பித்துக்கொள்வது நல்லது.

இனி, பட்டையைத் திரையில் காட்டும் முறை. விண்டோஸ் கணினியில் குரோம், எட்ஜ், பயர்பாக்ஸ் ஆகிய மூன்று உலாவிகளிலும் கன்ட்ரோல், ஷிப்ட், பி ஆகிய விசைகளை ஒருசேர அழுத்தினால் பட்டை தோன்றும். மீண்டும் அழுத்தினால் மறையும். எட்ஜ், பயர்பாக்ஸ் இரண்டிலும் 'எப்போதும் காட்டு', 'புதிய தாவலில் மட்டும் காட்டு', 'காட்டாதே' என மூன்று தெரிவுகள் உள்ளன. வீட்டுக் கணினியில் எப்போதும் காட்டுவதே சிறந்தது என்பது என் கருத்து. கண்ணுக்குத் தெரியாத வசதியை எவரும் பயன்படுத்துவதில்லை. பட்டை மறைந்திருந்தால் கை மீண்டும் தேடல் பெட்டிக்கே போகும். ஒரு தளத்தைக் குறிக்க, அதனைத் திறந்து கன்ட்ரோல், டி விசைகளை அழுத்திச் சேமிக்குமிடமாகப் பட்டையைத் தெரிவு செய்தால் போதும்.

"புக்மார்க்குகள் சேர்ந்து குப்பையாகிவிடுகின்றன, பிறகு அதற்குள்ளும் தேட வேண்டியிருக்கிறது" என்பார்கள் சிலர். உண்மைதான். இடம் போதாதபோது மிஞ்சியவை வலக்கோடியிலுள்ள இரட்டை அம்புக்குறிக்குப் பின்னால் ஒளிந்துகொள்கின்றன. ஆனால் அது ஒழுங்கின்மையின் குறையே தவிர, பட்டையின் குறையன்று. அன்றாடம் தேவைப்படும் நான்கைந்து தளங்களை மட்டும் நேரடியாக வைத்து, மற்றவற்றைக் கோப்புறைகளில் இடுங்கள். பட்டையின் மீது சுட்டியின் வல விசையை அழுத்தினால் கோப்புறை உருவாக்கும் தெரிவு கிடைக்கும். வங்கி, அரசு, கல்வி, மார்க்கம் என நான்கு கோப்புறைகள் ஒரு குடும்பத்துக்குப் போதுமானவை. படித்து முடித்த கட்டுரைகளையும் பயன் தீர்ந்த விண்ணப்பப் பக்கங்களையும் அவ்வப்போது நீக்கிவிடுங்கள்.

பெயர்களைத் தமிழிலேயே எழுதலாம் என்பதைப் பலரும் அறிவதில்லை. தளம் தரும் நீண்ட ஆங்கிலப் பெயரை நீக்கிவிட்டு, 'மின்கட்டணம்', 'அத்தாவின் ஓய்வூதியம்', 'உம்மாவின் வங்கிக் கணக்கு' என்று எழுதி வைத்தால், ஆங்கிலம் அறியாத பெரியவர்களும் பிறர் உதவியின்றித் தம் அலுவலைத் தாமே பார்த்துக்கொள்வார்கள். ஒவ்வொரு முறையும் பேரப்பிள்ளையையோ பக்கத்து வீட்டாரையோ அழைத்துத் தம் கணக்கு விவரங்களைக் காட்ட வேண்டிய நிலை அவர்களுக்கு இராது. அவர்களுடைய கண்ணியத்துக்கு நாம் செய்யும் சிறிய, ஆனால் பயனுள்ள பணிவிடை இது.

பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். அவர்களுக்கெனத் தனிப் பயனர் கணக்கை உலாவியில் உருவாக்கிக் கொடுங்கள். அதன் பட்டையில் பாடநூல் தளம், அகராதி, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம் போன்றவற்றை வையுங்கள். பட்டை எதனையும் தடுத்துவிடாது. தடுப்பதற்கு வேறு ஏற்பாடுகள் உண்டு. ஆயினும் உலாவியைத் திறந்தவுடன் பயனுள்ள தளங்கள் கண்முன் நின்றால், வேடிக்கைக் காணொளிகளை நோக்கிக் கை போவது ஓரளவேனும் குறையும்.

எச்சரிக்கைகள் சிலவும் உண்டு. பலர் பயன்படுத்தும் கணினியில் நம் பட்டையை எல்லோரும் பார்க்கிறார்கள். எந்த வங்கி, எந்த மருத்துவமனை என்பவை பிறர் அறிய வேண்டியவை அல்ல. அத்தகையவற்றைத் தனிப் பயனர் கணக்கில் வையுங்கள். பிரவுசிங் சென்டரின் உலாவியில் நம் கூகுள் கணக்கை இணைக்கவே கூடாது. இணைத்தால் நம் புக்மார்க்குகளும் அங்கே வந்து சேர்ந்துவிடக்கூடும். புக்மார்க்கின் பெயரில் கடவுச்சொல்லை எழுதி வைக்கும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. அது வீட்டுச் சாவியை வாசற்கதவிலேயே தொங்கவிடுவதற்கு ஒப்பாகும்.

கைபேசிச் செயலிகள் இருக்க இது எதற்கு என்ற கேள்வியும் எழலாம். ஆவணங்களைப் பதிவேற்றுவது, விண்ணப்பத்தை நிரப்பி அச்செடுப்பது போன்றவற்றுக்கு இன்றும் கணினியே வசதியாக உள்ளது. செயலிகளிலும் போலிகள் உண்டு. குறித்து வைத்த அதிகாரபூர்வத் தளத்திலுள்ள இணைப்பின் வழியே செயலியைப் பெறுவது பாதுகாப்பானது.

ஆகவே வரும் விடுமுறை நாளில் அரைமணி நேரம் ஒதுக்குங்கள். குடும்பத்தார் அனைவரும் கணினி முன் அமர்ந்து, தேவையான தளங்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொரு முகவரியையும் சரிபார்த்துக் குறித்து வையுங்கள். இதற்குள் எவரேனும் போலித் தளத்தில் பணத்தை இழந்திருந்தால், வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். தாமதமின்றி 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைத்து முறையிடுங்கள். விரைந்து சொல்லப்படும் புகாரில்தான் பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு அதிகம்.