மலைக்கு உகந்த தொலைபேசி

2019 ஆகஸ்டில், நீலகிரியில் மஞ்சூரை அடுத்த அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டி, சாலைகள் சரிந்து, மின்சாரம் நின்றதை நினைவில் வைத்திருப்போர், செய்தித் தொடர்பு என்பது இம்மலைவாசிகளுக்கு வசதியன்று, ஜீவாதாரம் என்பதை மறுக்கமாட்டார்கள். அத்தகைய தொடர்புக்கு ஒரு வழி உண்டு. 1999-இல் அமெரிக்காவில் மார்க் ஸ்பென்சர் என்னும் இளைஞர், தம் சிறு தொழிலுக்குத் தொலைபேசி இணைப்பகம் வாங்கப் பொருளின்மையால் தாமே எழுதி, மூலநிரலோடு உலகுக்கு அளித்த ‘ஆஸ்டரிஸ்க்’ என்னும் மென்பொருளை ஒரு சாதாரணக் கணினியில் நிறுவினால், கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலையின் அலுவலகமும் கொழுந்து கொள்முதல் நிலையங்களும் உரிமக் கட்டணமின்றித் தமக்குள் பேசிக்கொள்ளலாம். உள்ளூர்க் கம்பியோ வானலை இணைப்போ நிலைத்திருக்கும்வரை, வெளியுலக இணையம் அறுந்தாலும் அந்தப் பேச்சு அறாது.

ஆனால் மென்பொருள் இலவசம் என்பதால் பராமரிப்பும் இலவசமென்று எண்ணுவது பெரும் பிரமை. மின்தடைக்குப் பேட்டரி வேண்டும். அமைப்புக் கோப்புகளின் பிரதி வேறிடத்தில் வேண்டும். வெளித் தொலைபேசி இணைப்பையும் சேர்த்து, எளிய கடவுச்சொல் வைத்தாலோ, அந்நியர் புகுந்து வெளிநாட்டு அழைப்புகளின் கட்டணத்தை நம் தலையில் சுமத்துவர். எல்லாவற்றுக்கும் மேலாக, பழுது பார்க்கத் தெரிந்த ஒருவர் உதகையிலன்று, மஞ்சூரிலேயே இருக்கவேண்டும். ஆதலின், கருவி வாங்குமுன் உள்ளூர் இளைஞர் இருவரையேனும் இதில் பயிற்றுவிக்குமாறு கூட்டுறவுச் சங்கங்களை வேண்டுகிறேன்.