வலிக்கவில்லையே என்று வாளாவிருக்கலாமா?



ஞாயிறு திருப்பலி முடிந்து வெளியே வருகையில், திருப்பூர்ப் பின்னலாடை நிறுவனம் ஒன்றில் பணிபுரியும் சகோதரி ஒருவர் நம்மை அணுகினார். மார்பில் ஒரு சிறு கட்டி சில மாதங்களாகவே இருந்து வருவதாகத் தயங்கித் தயங்கிக் கூறினார். "வலிக்கவில்லையே, ஐயா! விடுப்பு எடுத்தால் அன்றையக் கூலி போய்விடும். வலி வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் அல்லவா?" என்று கேட்டார். அவருக்கு நாம் அளித்த மறுமொழியையே இத்திங்கள் எல்லா இல்லங்களுக்கும் எழுத விழைகின்றோம்.

கட்டிகள் யாவும் புற்று அல்ல. பெரும்பாலானவை தீங்கற்றவையே. ஆயினும் புற்றுக்கட்டி வளரும் விதத்தை அறிந்தால், வலிக்காகக் காத்திருப்பதன் பேதைமை விளங்கும்.

அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன், யூத குரு ஒருவரின் மகன். சிறுவயதில் தந்தையோடு நோயாளிகளைக் காணச் சென்றவர். ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் கட்டி வளரவேண்டுமாயின் அதற்குப் புதிய குருதிக்குழாய்கள் வேண்டும் என்றும், அவற்றைக் கட்டியே வரவழைக்கிறது என்றும் 1971-இல் அவர் எழுதினார். பலர் நகைத்தனர், அவரோ ஆய்வைக் கைவிடவில்லை.

பின்னர் உண்மை வெளிப்பட்டது. உயிர்வளி குன்றிய கட்டி, குருதிக்குழாய் வளர்ச்சிக் காரணி என்னும் புரதத்தைச் சுரக்கிறது. 1989-இல் அது பிரித்தறியப்பட்டது. அப்புரதம் எட்டியதும் அருகிலுள்ள குழாய்கள் கட்டியை நோக்கிக் கிளை விடுகின்றன.

கட்டியின் அழைப்பு அண்டை வீட்டோடு நிற்பதில்லை. எலும்பு மஜ்ஜை வரை செல்கிறது. நம் பனியன் நிறுவனங்களில் புதிதாகச் சேரும் இளைஞர் முதலில் கைமடி வேலை பார்த்து, தொழில் பழகியபின் தையலர் ஆவார் அல்லவா? அதுபோலவே, குழாய்ச் சுவராக மாறவல்ல முன்னோடி உயிரணுக்கள் நம் உடலிலும் உண்டு. வளர்ந்தோரின் குருதியில் இவை உலவுவதை அசஹாரா குழுவினர் 1997-இல் அறிவித்தனர். காயம் ஆறவும் பழுது நீங்கவும் உதவும் இந்த ஏற்பாட்டையே கட்டி தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது!

2001-இல் எலிகளில் நடந்த ஆய்வு ஒன்று இதற்குச் சான்று பகர்ந்தது. மரபுக் குறைபாட்டால் கட்டிக்குக் குருதிக்குழாய் அமையாத எலிகளுக்கு, நலமான எலிகளின் மஜ்ஜையை ஏற்றியதும், குழாய்கள் அமைந்தன, கட்டியும் வளர்ந்தது. எனினும், இவ்வணுக்களில் எத்துணை குழாய்ச் சுவராகவே மாறுகின்றன என்பது கட்டிக்குக் கட்டி வேறுபடுகிறது. மஜ்ஜையிலிருந்து வருவனவற்றுள் பல, கடைசிவரை கைமடியாகவே இருப்பவரைப் போல், அருகிருந்து வளர்ச்சிப் பொருள்களைச் சுரந்து துணைபுரிகின்றன.

இவ்வழைப்பைத் தடுக்கும் பெவாசிசுமாப் என்னும் மருந்து 2004-இல் அமெரிக்காவில் பெருங்குடல் புற்றுக்கு ஏற்கப்பட்டது. 2017-இல் பெங்களூரு பயோகான் நிறுவனம் அதற்கு இணையான மருந்தை இந்தியாவில் வெளியிட்டது. ஆனால் இது சர்வரோக நிவாரணி அன்று. பெரும்பாலும் பிற மருந்துகளோடு சேர்த்தே தரப்படுகிறது. ஒரு வழி அடைபட்டால் கட்டி மறுவழி தேடுவதும் உண்டு.

இனி அச்சகோதரியின் வினாவுக்கு வருவோம். கைக்குத் தட்டுப்படும் கட்டி புற்றாகவே இருக்குமாயின், அது ஏற்கெனவே குருதிக்குழாய்களைப் பெற்றுவிட்டது என்பது பொருள். உணவு உள்ளே வரும் அதே வழியில் புற்றணுக்கள் வெளியேறி வேறு உறுப்புகளை அடையக்கூடும். இவையெல்லாம் வலியின்றியே நிகழலாம். ஆதலின் வலி நல்ல காவற்காரன் அன்று!

மார்பகப் பரிசோதனை அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. தகுதியுள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் சிகிச்சைக்குக் கைகொடுக்கும். 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நிறுவிய அடையாறு புற்றுநோய் நிலையம் ஏழை எளியோருக்கும் கதவு திறந்தே வைத்திருக்கிறது.

கணவன்மாரே, பிள்ளைகளே! உங்கள் வீட்டுப் பெண்கள் தம் உடல்நலத்தை எப்போதும் கடைசியில் வைப்பவர்கள். நீங்களே கேளுங்கள், உடன் செல்லுங்கள்.

அச்சகோதரி மறுவாரமே ஒருநாள் கூலியை இழந்து பரிசோதனைக்குச் சென்றார். இதை எழுதும்போது முடிவு வரவில்லை. முடிவு எதுவாயினும், காத்திருப்பதை அவர் விட்டுவிட்டார். அதுவே நமக்கு ஆறுதல்.