மீட்பின் புதுமை எது?

வெள்ளம் புகுந்த குகையில் மனிதர் அகப்பட்டனர் என்ற செய்தி வந்ததும், “புதிய இயந்திரம் எங்கே?” என்று கேட்பது இக்காலத்து வழக்கமாகிவிட்டது. இயந்திரம் வேண்டாமென்று யாம் கூறவில்லை. ஆயின், புதுமை இயந்திரத்தில் மட்டுமே உறைகின்றது என்னும் மயக்கம் உயிர்களைப் பலிகொள்ளும் என்பதே எமது வாதம்.

தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் 2018 யூன் 23இல் 12 சிறுவரும் அவர்தம் பயிற்றுநரும் அகப்பட்டனர். எலான் மஸ்க் கொணர்ந்த சிறு நீர்மூழ்கி உலகெங்கும் பேசப்பட்டது, பயன்படவோ இல்லை. சிறுவரைக் கண்டுபிடித்தோர், குகைநீரில் மூழ்குவதை விருப்பத்தொழிலாகப் பயின்ற ஆங்கிலேயர் இருவர்; ஒருவர் ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர், மற்றவர் கணினித் துறையினர். இருண்ட நீரில் அச்சமே சிறுவரைக் கொன்றுவிடும் என்றுணர்ந்து, மயக்கமருந்து ஏற்றி, முழுமுகக் கவசம் அணிவித்து வெளிக்கொணர்ந்தமையே அங்கு நிகழ்ந்த புதுமை. மருந்தேற்றிய மருத்துவர் றிச்சட் ஹரிஸ் தாமும் குகைமூழ்காளர். ஈரறிவும் ஒருங்கே கூடியதனாலன்றோ அவ்வழி கைகூடிற்று!

1989 நவெம்பரில் மேற்கு வங்காளத்து ராணிகஞ்ச் நிலக்கரிச் சுரங்கத்தில் நீர் புகுந்தபோது, பொறியியலாளர் ஜஸ்வந்த் சிங் கில் மேலிருந்து துளையிடுவித்து, உருக்குக் கூண்டொன்றில் தாமே இறங்கி, 65 தொழிலாளரை மீட்டார். அத்தகைய கூண்டு 1955இலேயே ஜேர்மனியில் தோன்றியது. 1963இல் லெங்கெடே சுரங்க வெள்ளத்தில் 11 உயிர்களைக் காத்தது. பழைய கருத்தை வேளையறிந்து, இடமறிந்து பொருத்தியதே கில்லின் ஆற்றல்.

மாறாக, 2018 டிசெம்பர் 13இல் மேகாலயத்தின் க்சான் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்தது. 2014இல் தடைசெய்யப்பட்ட எலிவளை முறையில் தோண்டப்பட்ட அச்சுரங்கத்திற்கு வரைபடமே இல்லை. வலிய நீரிறைக்கும் இயந்திரங்கள் வந்துசேர இரு வாரங்கள் கழிந்தன. உள்ளே அகப்பட்டோருள் ஒருவரும் உயிருடன் மீளவில்லை. கருவி உலகில் இருந்தது, களத்தில் இல்லை. இதற்கு எந்த விஞ்ஞானியைக் குறைகூறுவது?

“கலைப்பீட மாணவனுக்கு இதில் என்ன அலுவல்?” என்பார் உளர். மன்னார்த் தீவின் கீரிக் கரையிற் பிறந்தவனுக்கு அதற்கு விடை உண்டு. எங்கள் கடலில் முத்துக்குளித்த காலத்தில், கல்லின் துணையோடு ஆழத்தில் இறங்கியவனின் உயிர், மேலே கயிறு பிடித்தவனின் கையிலேயே இருந்தது. அதனாற்றான் மைத்துனனிடமே கயிற்றைக் கொடுப்பர் என்பது வழக்கு. கல்லும் கயிறும் கருவிகள். எவரிடம் கொடுப்பது என்ற தெளிவோ சமூக அறிவு. அவ்வறிவை ஆராய்வது கலைப்பீடத்தின் கடன் அன்றோ?

நம் நாட்டிலும் இரத்தினபுரி மாணிக்கக் குழிகளில் நீர் புகுதல் அரிதன்று. ஒவ்வொரு குழிக்கும் வரைபடம் வேண்டும். உள்ளே இறங்குவோரின் பெயர்ப்பதிவு வேண்டும். நீரிறைக்கும் இயந்திரம் அண்மையில் இருத்தல் வேண்டும். குழித் தொழிலாளியும் மூழ்காளனும் மருத்துவனும் மழைக்கு முன்னரே ஒருங்கு கூடிப் பயில வேண்டும். இவை கண்காட்சிக்கு உதவா, உயிர்காக்க உதவும். வெள்ளம் வந்தபின் கயிறு திரிக்கத் தொடங்குபவன் எவரைக் கரையேற்றுவான்?