கால் ஒடிந்த நாய்க்கு யார் வீட்டில் இடம்?

துள்ளி ஓடிவரும் குட்டி நாயைக் கேட்டு வாங்கிப் போக ஆள் உண்டு. கால் ஒடிந்து மூலையில் படுத்திருக்கும் நாயைக் கேட்க ஆள் இல்லை.

நாய்க் காப்பகங்களில் அன்றாடம் காணும் காட்சி இது. இதற்கு மனிதரின் கல்நெஞ்சுதான் காரணமா? இல்லை. பெரும்பாலும் பணம்தான் காரணம். "பாவமாகத்தான் இருக்கிறது. வைத்தியச் செலவுக்கு எங்கே போவது?" என்ற நினைப்பில் பலர் திரும்பிவிடுகிறார்கள்.

கோர்ட்டு சொன்னது என்ன?

2025-ம் ஆண்டு ஆகஸ்டு 11-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஓர் உத்தரவு போட்டது. டெல்லியிலும் சுற்றுப்புற நகரங்களிலும் உள்ள தெரு நாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்க வேண்டும். மறுபடி தெருவில் விடக்கூடாது என்பது அந்த உத்தரவு. நாடெங்கும் பரபரப்பு!

ஆகஸ்டு 22-ந் தேதி 3 நீதிபதிகள் அதை மாற்றினார்கள். கருத்தடை ஆபரேஷன் செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே நாயை விட வேண்டும். வெறிநோய் கண்ட நாயையும், பாய்ந்து கடிக்கும் நாயையும் மட்டும் விடக்கூடாது என்றார்கள். தெரு நாயைத் தத்து எடுக்க விரும்புகிறவர் நகராட்சியில் மனுக் கொடுக்கலாம். அந்த நாய் மீண்டும் தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு என்றும் சொன்னார்கள்.

நவம்பர் 7-ந் தேதி இன்னோர் உத்தரவு. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், ரெயில் நிலையம் போன்ற இடங்களில் திரியும் நாய்களைக் காப்பகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். திரும்ப அங்கே விடக்கூடாது.

கோர்ட்டின் கவலையில் நியாயம் உண்டு. 2024-ல் நாடு முழுவதும் நாய்க்கடி 37 லட்சத்துக்கு மேல் என்று மத்திய அரசாங்கம் பார்லிமெண்டில் கணக்குச் சொன்னது. வெறிநோய் கண்டுவிட்டால் மனிதர் பிழைப்பது அரிதினும் அரிது.

நிரம்பும் தொட்டி

தொட்டியில் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கிறது. வெளியேற வழி இல்லை. என்ன ஆகும்? நிரம்பி வழியும்.

காப்பகமும் அப்படித்தான். 2019-ம் ஆண்டு கால்நடைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் தெரு நாய்கள் சுமார் 1 கோடியே 53 லட்சம். அவற்றில் சிறு பங்கு உள்ளே வந்தாலும் இடம் போதாது. திரும்பத் தெருவில் விட முடியாத நாய் வெளியே போக நல்ல வழி ஒன்றுதான் உண்டு. அது ஒரு வீடு!

அழகான நாய் போய்விடும். அடிபட்ட நாய் தங்கிவிடும். அது தங்கும் கூண்டு, நாளை லாரியில் அடிபட்டு வரும் இன்னொரு நாய்க்குக் கிடைக்காது. ஆகவே, அடிபட்ட நாய் ஒன்றை ஒருவர் எடுத்துப்போனால் இரண்டு நாய்க்கு வாழ்வு.

எந்தக் காயத்துக்கு எவ்வளவு செலவு?

கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும் ஊனம் செலவில் சிறிதாக இருக்கலாம். ஒரு காலை எடுத்துவிட்ட நாயைப் பார்த்தால் மனம் பதறும். ஆனால், புண் ஆறியதும் பெரும்பாலான நாய்கள் 3 காலில் நடக்கப் பழகிவிடும், ஓடவும் செய்யும். அதன்பின் பெரிய வைத்தியம் தேவைப்படாது.

எலும்பு முறிவு நடுத்தரம். எக்ஸ்ரே, மயக்க மருந்து, ஆபரேஷன், உள்ளே வைக்கும் கம்பி அல்லது தகடு என்று முதலில் ஒரு பெருந்தொகை ஆகும். எலும்பு கூடப் பல வாரம் பிடிக்கும். அதுவரை நாயை ஓடவிடாமல் காக்க வீட்டில் ஆள் வேண்டும்.

முதுகெலும்பு முறிந்து பின்கால் விழுந்த நாய்தான் பெரும் பொறுப்பு. வெளிக்காயம் இல்லாமலும் இருக்கலாம். ஆனால், அடிவயிற்றை அழுத்தித் தினமும் பல முறை சிறுநீரை வெளியேற்ற நேரும். படுக்கைப் புண் வராமல் பார்க்க வேண்டும். மனமிருந்தும் எல்லாராலும் முடியாத காரியம் அது.

இன்ஷூரன்ஸை நம்பலாமா? நாய்க்கும் இன்ஷூரன்ஸ் உண்டு. ஆனால், முன்பே இருக்கும் காயத்துக்குப் பொதுவாகப் பணம் கிடைக்காது.

செலவைக் குறைக்கும் வழி

அரசாங்கக் கால்நடை ஆஸ்பத்திரிகளில், தனியார் ஆஸ்பத்திரியைவிடச் செலவு குறைவு. சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. அந்தக் கல்லூரி 1903-ல் தொடங்கியது. தொண்டு நிறுவனங்களும் உண்டு. விமானியான கேப்டன் வி.சுந்தரம் 1959-ல் சென்னையில் தொடங்கிய புளூ கிராஸ் அவற்றில் ஒன்று.

நாயைக் கொண்டுவரும் முன் காப்பகத்தில் கேட்க வேண்டியவை:

1. எந்த எலும்பில் அடி? எக்ஸ்ரே படமும் மருந்துச் சீட்டும் கிடைக்குமா?

2. இன்னும் ஆபரேஷன் பாக்கி உண்டா? அதை முடித்துத் தருவார்களா?

3. வெறிநாய்த் தடுப்பூசி போட்டாயிற்றா? கருத்தடை ஆயிற்றா?

4. குழந்தைகளிடமும் மற்ற நாய்களிடமும் எப்படிப் பழகுகிறது?

வலிக்கிறதே என்று மனிதர் மாத்திரையைக் கொடுத்துவிடக் கூடாது. இபுபுரூபன் போன்ற வலி மாத்திரைகள் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், உயிரே போகலாம். வலியில் இருக்கும் நாய் எஜமானரையும் கடிக்கும். கடித்தால் உடனே சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, ஆஸ்பத்திரிக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.

முடியாதவர் என்ன செய்வது?

முதல் நாள் இரக்கப்பட்டுத் தூக்கிவந்து, மூன்றாம் மாதம் தெருவில் விடுவது பெரும் கொடுமை. பட்டினியில் வாட விடுவது 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும். அதைவிட, "என்னால் முடியாது" என்று முதலிலேயே சொல்வது மேல்.

அவர்களும் உதவலாம். எலும்பு கூடும் வரை சில வாரம் மட்டும் வீட்டில் வைத்துக்கொள்ளலாம். நாலு குடும்பம் சேர்ந்து ஒரு நாயின் மருந்துச் செலவை ஏற்கலாம்.

ஆனால், முழுப் பாரத்தையும் இரக்கமுள்ள ஏழைகளின் தலையில் வைப்பது நியாயம் அல்ல. தெரு நாயைக் காப்பகத்துக்குக் கொண்டுபோகச் சொல்லும் நாடு, அங்கிருந்து அது வீட்டுக்குப் போகவும் வழி செய்ய வேண்டும். தத்துப் போகும் அடிபட்ட நாய்க்கு, குணமாகும் வரை அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவச வைத்தியம் என்று அறிவித்தால் போதும். தயங்கி நிற்கும் பலர் கை நீட்டுவார்கள்.

கூண்டு கட்டப் பணம் ஒதுக்கினால் மட்டும் போதாது. ஒடிந்த காலுக்குக் கட்டுப் போடவும் பணம் ஒதுக்க வேண்டும்.