இரு நோய், ஒரு மனிதன்

ஹெந்தளையில் ஒல்லாந்தர் 1708-ஆம் ஆண்டில் அமைத்த குஷ்டரோக வைத்தியசாலையைக் கொழும்புவாசிகள் அறிவர். சித்தம் கலங்கியோரும் ஒரு காலத்தில் அங்கேயே வைக்கப்பட்டனர் என்பதைப் பலர் அறியார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பொரளையில் அவர்களுக்கெனத் தனி மனை எழும்வரை அந்நிலையே நீடித்தது. பின்னர் கறுவாத்தோட்டத்திலும், 1926-இல் அங்கொடையிலும் மனநோயாளருக்கு இடம் அமைந்தது.

அண்மையில் அதே ஹெந்தளையில், நம்மிடம் பயின்ற மாணவன் ஒருவனின் தாயாரைச் சந்தித்தோம். மகனுக்குக் காதில் யாரோ பேசுவதுபோல் கேட்கிறதாம். அந்தக் குரலை அடக்கக் கசிப்பை நாடுகிறானாம். “ஓரிடத்தில் முதலில் குடியை விடட்டும் என்கினம், மற்ற இடத்தில் முதலில் மனநோயைச் சுகப்படுத்துங்கோ என்கினம். நான் எங்கே போக, சேர்?” என்று அவர் கேட்டபோது நம்மிடம் விடையில்லை.

இவ்விரு நோய்களும் ஒன்றையொன்று வளர்ப்பவை. மனத்துயரை மறக்கக் குடிப்பவனுக்குக் குடியே துயரை மிகுவிக்கிறது. கஞ்சா, சித்தப் பிரமையைக் கடுமையாக்கவல்லது. மதுவினால் தோன்றிய சோர்வோ, குடியை நிறுத்திய சில வாரங்களில் தானே தணிவதும் உண்டு. ஆதலால் எது வேர், எது கிளை என்று அறிய, இரண்டையும் ஒருங்கே நோக்கும் வைத்தியர் வேண்டும். அமெரிக்காவில் 1980-களிலிருந்து ஒரே குழுவினர் இரு நோய்களுக்கும் சேர்த்துச் சிகிச்சை அளிக்கும் முறை வளர்ந்துள்ளது. மருந்தும், ஆறுதல் மொழியும், குடும்பத்தாருக்கு அறிவுரையும், தொழில் தேடித் தருதலும் அதன் அங்கங்கள். மீண்டும் குடித்துவிட்டான் என்பதற்காக நோயாளியை அது வெளியே தள்ளுவதில்லை.

வீட்டார் அறியவேண்டியது ஒன்றுண்டு. நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவனை அறையிற் பூட்டித் திடீரெனக் குடியை நிறுத்துதல் ஆபத்து. வலிப்பும் மயக்கப் பிதற்றலும் கண்டு உயிருக்கே மோசம் வரலாம். வைத்தியர் மேற்பார்வையிலேயே நிறுத்தவேண்டும். அங்கொடை வைத்தியசாலை இன்று தேசிய மனநல நிறுவகம் எனப் பெயர் பெற்றுள்ளது. அதன் தொலைபேசி இலக்கமும் 1926 தான். அந்தத் தாயாரிடம் அவ்விலக்கத்தையே எழுதிக் கொடுத்தோம். உடன் வருவதாகவும் சொன்னோம்.

அன்று வெவ்வேறு நோயாளரை ஒரே மதிலுக்குள் அடைத்தனர். இன்று ஒரே நோயாளியை இரு வாயில்களுக்கிடையே அலையவிடுகிறோம். இரண்டிலும் மனிதனை மறந்தோம். நோய் இரண்டாயினும், தாய்க்கு அவன் ஒரே மகன் அன்றோ?